குன்னத்துகாலில் பயஸ் வீட்டு வைஃபை

பயஸ் கடலை விட்டுக் கரையேறி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் மீன் விற்று முடித்து வந்து, ஸ்கூட்டரின் பின்னால் கட்டியிருந்த ஐஸ் பெட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு எதிரே, கால்வாய்ப் பாலத்தின் மேல் ஒரு பெண் போனை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். பத்தடி போவாள், நிற்பாள், திரும்புவாள். ஒரு தடவை குனிந்து கைப்பிடிச் சுவரின் அடியில் இருந்த பொந்துக்குள் கையை விட்டுத் துழாவினாள். நிலம் அளக்க வந்தவளாக இருக்கும் என்று பயஸ் நினைத்தார். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு.

“என்ன பிள்ளே தேடுதிய? எதாவது விழுந்து போச்சா?”

“ஒண்ணும் விழல்ல அங்கிள். நெட்டு போயிட்டு. இஞ்ச நின்னா தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் வருது. ரெண்டடி அந்தால போனா கேரளாவுக்கு வரவேற்கிறோம்னு வருது. ரெண்டு பேரும் வரவேற்கியானுவ. நெட்டு மட்டும் ஒருத்தனும் தரல்ல.”

பயஸ் சிரித்துவிட்டார். குன்னத்துகால்காரர்களுக்கு அது பழகிப்போன சங்கதி. எல்லை கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. போன் இந்த டவருக்கும் அந்த டவருக்கும் மாறி மாறித் தாவும். கால்வாய் ஓடும் பள்ளத்தில் இரண்டும் கிடைக்காது.

“வீட்டுல வைஃபை உண்டு. வந்து பாத்துக்கிடுங்க” என்றார்.

அவர் மனைவி லூயிசா கதவருகில் நின்று வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். வைஃபை அவர்களுடைய மகள் ரெஜிஷா வைத்துக்கொடுத்தது. ரெஜிஷா குவைத்தில் நர்ஸ். தினமும் அம்மாவுக்குப் பேரப்பிள்ளையின் முகத்தைக் காட்டுவதற்காகவே கேபிள்காரரைப் பிடித்து லைன் இழுக்க வைத்திருந்தாள். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லியும் இருந்தாள். லூயிசா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள்.

“கேட்டியளா, யாரு எவருன்னு தெரியாம…” என்று கணவனின் காதுக்குள் முணுமுணுத்தாள்.

“எட்டி, வெயிலுல நிக்குது பிள்ள. குடிக்க வெள்ளம் குடு மொதல்ல.”

வந்தவள் பெயர் ஜினி. நெய்யாற்றின்கரைக்காரி, திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தண்ணீரைக் குடித்துவிட்டு, நெட் கிடைத்த சந்தோஷத்தில் போனைப் பயஸ் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“இது ஒரு விளையாட்டு அங்கிள். ஜியோகேச்சிங்னு பேரு. ஒரு டப்பாவ ஒரு எடத்துல ஒளிச்சு வைப்போம். அந்த எடத்துக்க நம்பர நெட்டுல போடுவோம். தேடிக் கண்டுபிடிக்கியவங்க உள்ள இருக்க புக்குல பேர எழுதிட்டு, இருந்த மாதிரியே வச்சிட்டுப் போகணும். இந்தப் பாலத்துல நாலு மாசம் முன்ன ஒண்ணு வச்சேன். கடைசியா வந்த மூணு பேரும் டப்பாவக் காணல்லன்னு எழுதியிருக்காங்க.”

பயஸ் அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டார். அவர் கண் திரையில் நின்றிருந்தது. வடக்கு எட்டு டிகிரி இருபத்திரண்டு. கிழக்கு எழுபத்தேழு டிகிரி எட்டு. புள்ளிக்குப் பின்னால் மூன்று மூன்று எண்கள். இந்த மாதிரி எண்களைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

“இந்த நம்பரு வேற யாருக்கெல்லாம் தெரியும்?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும்னா?”

“உலகத்துல யாரு வேணும்னாலும் பாக்கலாம் அங்கிள்.”

“நீயே குடுத்தியா? சும்மா?”

“சும்மாதான்.”

பயஸ் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு காலை இழுத்து இழுத்துப் பாலத்துக்கு நடந்தார். பொந்தைப் பார்த்தார், வெள்ளத்தின் போக்கைப் பார்த்தார். போன மாசம் கால்வாயில் ஒருநாள் திடீரென்று வெள்ளம் ஏறியது அவருக்கு நினைவிருந்தது. கரையோடு நாற்பதடி கீழே போய்த் தாழம்புதருக்குள் கம்பை விட்டு நெருடினார். மூன்றாம் நெருடலில் சேறு பூசிய டப்பா உருண்டு வந்தது. உள்ளே புத்தகம் நனையாமல் இருந்தது.

“நீங்களாக்கும் கண்டுபிடிச்சது. உங்க பேரத்தான் எழுதணும்” என்று ஜினி பேனாவை நீட்டினாள்.

ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பயஸ் தன் பெயரை எழுதினார்.

பயஸ் பிறந்தது பொழியூர்க் கடப்புறத்தில். பதினாலு வயதில் அப்பாவுடன் கட்டுமரம் ஏறினார். பிறகு எஞ்சின் வள்ளம். வள்ளத்தில் அவருக்குக் கூட்டாளி ஜெய்சன். ஞானஸ்நானம் இருவருக்கும் ஒரே நாள். அதனால் பங்கு சாமியார் இருவரையும் கடைசிவரை பெயர் மாற்றித்தான் கூப்பிட்டார் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் உண்டு. அதற்குப் பார் என்று பெயர். மீன் அடைந்து கிடக்கும் இடம் அது. கரையில் தெரியும் மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் பிடித்து அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பிறகு கையடக்க ஜிபிஎஸ் வந்தது. பொழியூரில் அதை முதலில் வாங்கிய நாலைந்து பேரில் பயசும் ஜெய்சனும் உண்டு. வாங்கிய அன்றைக்கே வள்ளம் ஏற்றி வைக்கும் மணலில் நின்று ஒரு நம்பர் எடுத்து, ‘கரை’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தார்கள். எங்கே போனாலும் திரும்பி வரவேண்டிய இடம் அது.

மூன்றாம் வருஷம், யாருக்கும் தெரியாத ஒரு பார் அவர்களுக்கு அகப்பட்டது. எஞ்சின் மக்கர் செய்து நீரோட்டத்தின் ஒழுக்கில் போன ஒரு காலையில் நங்கூரம் எதிலோ கொளுவி நின்றது. சும்மா தூண்டில் இறக்கிப் பார்த்தார்கள். இறக்க இறக்கக் களவா மீன். கை நரம்பு வலிக்கும்வரை இழுத்தார்கள். ஜெய்சன் சிரிக்கவும் செய்தான், அழவும் செய்தான். அந்த எண்களைப் பயஸ் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். நோட்டு யார் கையிலாவது சிக்கினாலும் பிடிபடக்கூடாது என்று ஒவ்வொரு எண்ணோடும் ஏழு கூட்டி எழுதினார். வேறு வள்ளம் கண்ணில் பட்டால் ஜிபிஎஸ்மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். எஞ்சினைக் கழற்றுவதுபோல் ஜெய்சன் ஸ்பானரை எடுத்துத் தட்டிக்கொண்டிருப்பான். அந்த வள்ளத்துக்காரர்கள், “என்னடே, கேடா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பயஸ் தன் ஆயுசில் அப்படிச் சிரித்தது அந்தப் பாரின்மேல் கிடந்த நாட்களில்தான்.

ஒருநாள் போனபோது அங்கே மூன்று வள்ளங்கள் நின்றன. ஒன்று ஜெய்சனின் மச்சினனுடையது.

தூண்டில் இறக்காமலேயே கரைக்குத் திரும்பினார்கள். வள்ளத்தை ஏற்றி வைத்த மணலில் நின்று பயஸ் பேசக்கூடாததெல்லாம் பேசினார். ஜெய்சன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அது பயசுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அதோடு கூட்டு முறிந்தது. பயஸ் கொச்சிப் பக்கம் பெரிய மீன்பிடி போட்டுகளில் போனார். அங்கேதான் நங்கூரக் கயிறு காலைச் சுற்றி இழுத்து, கணுக்கால் எலும்பு நொறுங்கியது. அதன்பிறகு கடல் இல்லை. லூயிசாவின் பங்காக வந்த குன்னத்துகால் நிலத்தில் வீடு கட்டிக் குடிவந்தார்கள். பிழைப்புக்கு மீன் விற்பனை. பொழியூர்த் துறை கிட்டத்தில்தான். ஆனால் அவர் மீன் எடுக்க விழிஞ்ஞத்துக்குப் போனார். யாராவது காரணம் கேட்டால், “அங்க மீன் கொள்ளாம், நல்ல மீனு” என்பார்.

ஜினி வந்துபோன மறுவாரம் ஒரு சைக்கிள் ஜோடி வந்தது. கோவாவிலிருந்து கன்னியாகுமரிக்கு மிதித்துப் போகிறவர்கள். போகிற வழியில் கிடைக்கும் டப்பாக்களை எல்லாம் தேடுகிறவர்கள். அவர்களும் பாலத்தில் நின்று போனை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பயஸ் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பாஸ்வேர்டு கேட்டபோது லூயிசாவுக்கு வேறு வழி தெரியவில்லை, சொன்னாள். அவர்கள் அடுத்த ஊர் போகும் வழியைப் பதிவிறக்கினார்கள், வீட்டுக்குப் பேசினார்கள், சுட்ட மரச்சீனிக்கிழங்கு தின்றார்கள். பிறகு நெட்டில் அந்த டப்பாவுக்கான பக்கத்தில் எழுதினார்கள்: பாலத்துக்கு எதிர்வீட்டில் பயஸ் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் வைஃபை உண்டு, நல்ல மனிதர். அதன்பிறகு ஆள் வரத்து நிற்கவில்லை. டப்பா தேடுகிறவர்கள், குடும்பத்தோடு வழி தவறியவர்கள், மகனோடு பேசத் துடிக்கும் லாரி டிரைவர். “சேட்டா, பாஸ்வேர்ட் எந்தா?” என்று படலைத் திறக்கும்போதே கேட்கிறவர்களும் உண்டு. அயனிமரத்து நிழலில் ஒரு பெஞ்சு போட்டார் பயஸ். அங்கேவரை வைஃபை எட்டும்.

பக்கத்து வீட்டு வேலாயுதன் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

“பயஸே, உனக்க வைஃபையில எவனாவது வேண்டாத்தது செஞ்சா போலீஸ் ஆர வந்து பிடிக்கும்? உன்னையாக்கும்.”

இது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் பயஸ் வைஃபையை அணைத்து வைத்தார். மூன்றாம் நாள் பாலத்தில் ஒரு அப்பனும் மகளும் போனை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார்கள். பார்க்கப் பொறுக்காமல் ஜினியைக் கூப்பிட்டார். அவள் வந்து விருந்தாளிகளுக்கென்று தனி லைன் பிரித்துக்கொடுத்தாள். வீட்டு லைனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வருகிறவர்கள் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். ரெஜிஷாவும் சமாதானமானாள். நோட்டை வைத்துக்கொள்ளும் பொறுப்பை லூயிசா எடுத்துக்கொண்டாள். எழுதாதவர்களை அவள் விட்டதில்லை.

பயசும் தேட ஆரம்பித்திருந்தார். மீன் விற்கப் போகும் வழியில் பாறசாலை, காரக்கோணம் பக்கம் எங்கே டப்பா இருந்தாலும் ஒரு மணிநேரம் வண்டியை நிறுத்திவிடுவார். போனில் அம்பு காட்டும் திசையில் நடக்கையில் வள்ளத்தின் ஆட்டம் காலுக்கடியில் வந்ததுபோல் இருக்கும். முன்பக்க அணியத்தில் ஜெய்சன் நின்று, “இன்னும் எம்பிடு தூரம்?” என்று கத்தியது கேட்கும். சில நாள் வெறும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ரப்பர்க் காட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் லூயிசாவிடம் எதுவும் சொல்லமாட்டார். அவளும் கேட்பதில்லை.

போன வருஷம் மழை விட்ட சமயம் ஜினி சொன்னாள், “அங்கிள், இவ்வளவு பேருக்க டப்பாவத் தேடியாச்சு. நீங்களும் ஒண்ணு வைக்கணும்.”

“வைக்கலாம்.”

“எங்க?”

“பொழியூருல” என்றார் பயஸ். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. உள்ளே நின்ற லூயிசா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

பழைய நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். முதல் பக்கத்தில் முதல் வரி, ‘கரை’. அதில் மட்டும் அவர் ஏழு கூட்டவில்லை. கரையை ஒளித்துவைக்க வேண்டிய தேவை இல்லையே. அந்த எண்ணைப் போனில் ஏற்றிக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை காலையில் பொழியூருக்குப் போனார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு.

கடல் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். கேட்பது வேறு, பார்ப்பது வேறு. தார் ரோடு பாதியில் கடித்துத் துப்பியதுபோல் அறுந்து கிடந்தது. வரிசையாக வீடுகள் நின்ற இடத்தில் கடலைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள். ஒரு வீட்டின் நீலச் சுவர் மட்டும் கதவு இல்லாமல் கடலைப் பார்த்து நின்றது. பயஸ் கற்களின் மேல் தட்டுத் தடுமாறி ஏறினார். அம்பு நேராகக் கடலுக்குள் காட்டியது. இன்னும் முப்பத்தெட்டு மீட்டர் என்றது போன்.

அங்கே அலை உடைந்துகொண்டிருந்தது. நம்பர் அதே நம்பர்தான். மணல் இல்லை, வலை காயப்போடும் தென்னைகள் இல்லை, அவர் நின்று கத்திய இடம் இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“எலே பயசு, அங்க ஒண்ணும் கெடயாது. எல்லாம் போச்சு.”

யார் குரல் என்று அறியத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் திரும்பினார். ஜெய்சன் நரைத்துப் போயிருந்தான். பல் இரண்டு இல்லை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான், எப்போதும்போல.

“என்ன தேடுத?”

“நம்ம வள்ளம் ஏத்தி வைக்கிய எடம்.”

ஜெய்சன் தாடையால் கடலைக் காட்டினான். “அந்தா, ரெண்டாமத்த அல உடையுதுல்லா? அதுக்கும் அந்தப்பறம்.”

இரண்டு பேரும் ஒரு கல்லில் உட்கார்ந்தார்கள். ஜெய்சனின் வீடு இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் போய்விட்டதாம். பாறசாலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு வாடகை அறையில் இருக்கிறானாம். மகன் சிஜோ குடும்பத்தோடு பஹ்ரைனில், மீன்பிடி போட்டில் வேலை. சும்மா இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறி வந்து கடலைப் பார்த்துவிட்டுப் போவானாம். இதையெல்லாம் அவன் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல் சொன்னான். பயஸ் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஜெய்சனே அந்தப் பேச்சை எடுத்தான்.

“மச்சினன் மூணு மாசமா வெறும் வள்ளத்தோட வந்து ஏறுனான். பிள்ள ஆஸ்பத்திரியில கெடந்துது. தங்கச்சி எனக்க மொகத்தப் பாத்து ஒண்ணும் கேக்கல்ல பயசு. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். அவ கேக்காம நின்னா. நான் நம்பரக் குடுத்தேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா நீ சம்மதிச்சிருப்பியா?”

பயஸ் யோசித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. “இல்ல.”

“அதாக்கும் சொல்லல்ல.”

ஒரு அலை கல்லில் மோதி இருவர் காலையும் நனைத்தது.

“பின்ன நீ அந்தப் பாருக்குப் போனியா?” என்று பயஸ் கேட்டார்.

“ஒருக்காலும் போவல்ல. நீ?”

“நானும் போவல்ல.”

ஜெய்சன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். பயசுக்கு முதலில் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்தது. பிறகுதான் சிரிப்பு வந்தது. போகும்போது அவர் சொன்னார்:

“ஞாயித்துக்கிழம குன்னத்துகாலுக்கு வா. பாறசாலையில இருந்து பஸ் உண்டு. சிஜோகிட்ட பேசலாம். எனக்க வீட்டுல நெட்டு உண்டு.”

“எனக்க ரூமுல பாதியில கட்டாயிப் போவுது மக்கா. பேரன் மொகம் அப்படியே ஒறஞ்சு நின்னுருது.”

“எனக்க வீட்டுல ஒறயாது.”

ஜெய்சன் வந்தான். லூயிசா மற்றவர்களிடம் செய்வதுபோலவே நோட்டை நீட்டினாள். “பேரும் ஊரும் எழுதணும் அண்ணே” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஜெய்சன் பெயரை எழுதினான். ஊர் என்ற இடத்தில் கொஞ்சநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பொழியூர் என்று எழுதினான். அன்றைக்கு அயனிமரத்து நிழலில் சிஜோ போனில் வந்தபோது, அவன் அப்பாவின் தோளுக்குப் பின்னால் பயசைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்லை. “நெட்டு போச்சோ?” என்று ஜெய்சன் போனைத் தட்டினான். நெட்டு போகவில்லை.

டப்பாவைக் கடைசியில் பொழியூரில்தான் வைத்தார்கள், இன்னும் நிற்கிற வீடுகளின் வரிசைக்குப் பின்னால், ஒரு கல்மதிலின் இடுக்கில். கடல் ஏறினால் எடுத்து உள்ளே தள்ளி வைக்கும் பொறுப்பு ஜெய்சனுக்கு. நெட்டில் போட வேண்டிய விவரத்தைப் பயஸ் சொல்லச் சொல்ல ஜினி டைப் செய்தாள். பாரின் கதை வந்தபோது அவள் கேட்டாள், “அங்கிள், அந்தப் பாருக்க நம்பரையும் சேத்துப் போடட்டா? வாசிக்கியவங்களுக்கு நல்லா இருக்கும்.”

பயஸ் ஜெய்சனைப் பார்த்தார். ஜெய்சன் பயசைப் பார்த்தான்.

“அது வேண்டாம்” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அந்தப் பகுதி வள்ளக்காரர்கள் எல்லாருக்கும் அது எப்போதோ தெரிந்துபோயிருந்தது. இருந்தாலும் வேண்டாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெய்சன் பஸ்ஸில் வந்து இறங்குவான். பேரனிடம் பேசி முடித்ததும் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் டப்பா தேடப் புறப்படுவார்கள். போன மாசம் ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குள் இருவரும் குனிந்து குனிந்து வேர்களைத் தடவிக்கொண்டிருந்தபோது, ரப்பர்ப் பால் எடுக்க வந்த ஒரு பெண் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“என்னத்தயாக்கும் ரெண்டு பேரும் தேடுதிய?”

“ஒரு டப்பா” என்றான் ஜெய்சன்.

“உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணும் கெடயாது மோளே. பேரு எழுத ஒரு புக்கு.”

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, “மேல அந்தப் பாறக்கிட்ட பாத்தியளா?” என்று கேட்டபடி முன்னால் நடந்தாள்.